துவர்ப்பு அறிந்த நா

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், கல்லூரிக் கால நண்பர் வீட்டில் ஐந்து பேர் இரவு உணவுக்குக் கூடியிருந்தோம். பிரான்ஸில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் மற்றொரு நண்பர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவரையொட்டித்தான் அந்தக் கூடுகை.

மேசையின்மீது இரண்டு புட்டிகள் நின்றன. இரண்டும் பிரான்ஸின் போர்தோ பகுதியில், ஒரே பண்ணையில், ஒரே ஆண்டில், 2005-இல் விளைந்த திராட்சையில் உருவான சிவப்பு ஒயின். ஒன்று, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அன்பளிப்பாக வந்து, அன்று முதல் இந்த வீட்டு மர அலமாரியில் பொக்கிஷம்போல் பாதுகாக்கப்பட்டது. மற்றொன்று, அந்த மாதம் வரை பிரான்ஸில் குளிர்ந்த நிலவறையில் கிடந்து, நண்பரின் பெட்டியில் வந்தது.

நான் தயக்கத்துடன்தான் அமர்ந்தேன். என் சித்தப்பா குடியால் நாற்பத்தைந்தாவது வயதில் மறைந்தவர். எங்கள் வீட்டில் 'புட்டி' என்பதே வசைச்சொல். ஆனாலும், மதுவை மயங்குவதற்காக அன்றிச் சுவைப்பதற்காக அருந்துவோர் உலகில் உண்டு என்று படித்திருந்தேன். அது என்னவென்று ஒருமுறை அறிந்துகொள்ள விரும்பினேன்.

அலமாரிப் புட்டியின் தக்கையை முதலில் எடுத்தார்கள். கோப்பையில் விழுந்தது, தேயிலைக் கசாயத்தை ஒத்த பழுப்பு நீர். மணம், காய்ந்துபோன உலர்திராட்சையையும் காடியையும் நினைவூட்டியது. ஒரு வாய்க்குமேல் யாரும் அருந்தவில்லை. இத்தனை ஆண்டுகள் அதைப் பூப்போலக் காத்த வீட்டுக்காரரின் முகம் வாடியது. இரண்டாவது புட்டியோ செங்கல் நிறம் விளிம்பில் ஓடும் தெளிந்த சிவப்பாக இருந்தது. புகையிலை, புதுத் தோல், மழைக்குப் பின் எழும் மண்வாசம் எனப் பல மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

ஒரே வயதுடைய இரண்டு ஒயின்களுக்கு இடையே ஏன் இத்தனை வேறுபாடு?

விடை திராட்சைத் தோலில் தொடங்குகிறது. சிவப்பு ஒயினுக்கு நிறம் தருபவை ஆந்தோசயனின் என்னும் நிறமிகள். உடலும் உறுதியும் தருபவை டானின்கள். இவை தோலிலிருந்தும் விதையிலிருந்தும், ஒயினை வைக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் வருகின்றன. டானின் என்ற பெயரே தோல் பதனிடுதலிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பக்கம் தரிசுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையைக் கொண்டு ஒரு காலத்தில் தோல் பதனிட்டதும் அதிலுள்ள இதே டானினால்தான். டானின் நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது நாவும் ஈறும் இறுகி உலர்வதுபோல் ஓர் உணர்வு தோன்றுகிறது. மேலை அறிவியலார் இதைச் சுவையாகக் கொள்வதில்லை. தொடு உணர்வு என்பர். நாமோ அறுசுவையில் ஒன்றாகவே அதற்கு இடம் கொடுத்து, துவர்ப்பு என்று பெயரிட்டிருக்கிறோம். கடுக்காயையும் வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் உண்டு வளர்ந்தவருக்கு இளம் சிவப்பு ஒயினின் துவர்ப்பை யாரும் விளக்கத் தேவையில்லை.

புட்டிக்குள் ஆண்டுகள் செல்லச் செல்ல, நிறமிகளும் டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. தக்கையின் வழியே மிக நுண்ணிய அளவில் புகும் உயிர்வளி இதற்குத் துணை செய்கிறது. கனத்தவை வண்டலாக அடியில் படிகின்றன. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகிறது. முரட்டுத் துவர்ப்பு பட்டுப்போல் மென்மையாகிறது. பழத்தின் மணம் பின்வாங்கி, மண்ணும் சருகும் தோலும் மணக்கத் தொடங்குகின்றன. இதனால்தான் பழைய புட்டியை ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடங்கியபின், விளக்கொளியில் பார்த்துக்கொண்டே கண்ணாடிக் குடுவைக்கு மெல்ல இறுத்து ஊற்றுகிறார்கள். அன்றும் அவ்வாறே செய்தோம்.

இந்த வேதிவினைகள் பொறுமையாக நிகழ வேண்டும். அதற்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பாகை வரையிலான வெப்பநிலையும், இருளும், தக்கை உலராதபடி படுக்கவைத்த நிலையும் தேவை. பத்துப் பாகை கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பள்ளியில் படித்த பொது விதி. சித்திரையில் நாற்பது பாகையைத் தொடும் எங்கள் ஊரில் ஒன்பது கோடைகளைக் கண்ட அந்த ஒயின், முதிரவில்லை, வெந்துவிட்டது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் அருந்தவே தயாரிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதிரும் தகுதியுடன் பிறப்பவை மிகச் சில. எனவே, யாரேனும் அன்போடு தரும் புட்டியை அலமாரியில் பூட்டி வைப்பது நம் ஊரில் வீண் வேலை.

இதில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டு போர்தோவில் மழை குறைந்த ஆண்டு. நீர் குறைந்தால் திராட்சை சிறுக்கும். தோலின் விகிதம் கூடும். நிறமும் டானினும் செறியும். அந்த வறட்சியே அவ்வாண்டு ஒயினுக்குப் புகழ் சேர்த்தது. வானம் பார்த்த கரிசலில் விளையும் மிளகாய்க்கும் மல்லிக்கும் உள்ள காரத்தையும் மணத்தையும் அறிந்த நமக்கு இது புரியாத செய்தி அன்று.

உணவு விஷயத்தில் ஒரு சிறு சமரசம் செய்ய வேண்டியிருந்தது. மிளகாயின் எரிச்சலை மது கூட்டிவிடும் என்பதால், உப்புக்கறியில் வற்றலைக் குறைக்கும்படி கேட்டிருந்தார் பிரான்ஸ் நண்பர். நண்பரின் தாயார் அதற்கு உடன்பட்டாலும், "வத்தலக் கொறச்சா அது உப்புக்கறியாய்யா?" என்று கேட்காமல் விடவில்லை. கறியின் கொழுப்பும் புரதமும் டானினைத் தணிப்பதை நாவே உணர்த்தியது.

ஒரு புட்டி என்பது 750 மில்லி. ஐவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 150 மில்லி. அதை அருந்தி முடிக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பேச்சும் உணவும் முன்னே நடக்க, மது அவற்றின் பின்னே நடந்தது. அதியமானை இழந்த ஔவையார், சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடன் மகிழ்ந்து அருந்துவான் என்றும் புறநானூற்றில் அழுதது அப்போது நினைவுக்கு வந்தது. அதே நூலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டிய மன்னனுக்கு உரியதாகப் பாடுகிறார். அந்தக் கலங்களின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டிலும், வைகை கடலைச் சேரும் பகுதியிலுள்ள அழகன்குளத்திலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. தேறல் என்ற சொல்லின் பொருளே தெளிந்தது என்பதுதான். வண்டலை அடியில் விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து எடுத்த எங்கள் குடுவையில் இருந்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

இதை எழுதுவதால் மதுவுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் உலகெங்கும் பரவியது. ஆனால், பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறிவிட்டது. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலத்தில், நின்றபடியே நீர் கலந்து ஒரே மடக்கில் விழுங்கிச் செல்லும் கூட்டத்தை நாள்தோறும் பார்க்கிறோம். என் சித்தப்பாவும் அப்படித்தான் குடித்தார். அவர் குடித்ததன் சுவை என்ன என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆகவே, அந்த இரவில் நான் கற்றது மதுவைப் பற்றியதன்று, கவனத்தைப் பற்றியது.

உணவு முடிந்ததும் நண்பரின் தாயார் ஒரு தட்டில் கருப்பட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று அந்த ஆண்டுக் கருப்பட்டி. மற்றொன்று அடுப்படிப் பரணில், புகை படும் பானையில் இரண்டு ஆண்டுகள் இருந்தது.

"இதையும் அப்படியே மோந்து பாத்துச் சாப்பிடுங்கய்யா. ரெண்டும் ஒரே ஆளு காய்ச்சுனதுதான்" என்றார்.

புதியது வெளிர்ந்து, இனிப்பு முந்தி நின்றது. பழையது கறுத்து இறுகியிருந்தது. வாயில் வைத்ததும் புகையும் மெல்லிய கசப்பும், அவற்றின் பின்னே நெடுநேரம் நின்ற இனிப்பும் தெரிந்தன. எந்த ஊர்ப் பனை, எந்த மாதத்துப் பதநீர், காய்ச்சியவர் யார் என்று அவர் வரிசையாகச் சொன்னார். பிரான்ஸ் நண்பர் கோப்பையை ஏந்தியபடி சொன்ன செய்திகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு இல்லை. ஒயினைக் கெடுத்த அதே வெயிலும் வறண்ட காற்றும் இதைக் கெடுக்கவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் முதிர வைக்கத் தெரிந்த பொருள் ஒன்று இருக்கிறது. பழைய அரிசி, பழம்புளி, பழங்கருப்பட்டி ஆகியவை எங்கள் நிலத்துக்கு உரியவை.

இங்கேதான் கவலை பிறக்கிறது. அந்தத் தாயாருக்குத் தெரிந்தது அவருடைய மருமகளுக்குத் தெரியவில்லை. பேரனுக்குக் கருப்பட்டியின் நிறம் மட்டுமே தெரியும். பனையேறுவோர் குறைந்துவிட்டனர். சர்க்கரையைக் காய்ச்சிக் கலந்த உருண்டைகள் கருப்பட்டி என்ற பெயரில் சந்தையில் குவிகின்றன. சர்க்கரை மலிவானது, பதநீரோ விடியுமுன் மரமேறி இறக்கி, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டியது. வாங்குவோரின் நாவுக்கு வேறுபாடு தெரியாதபோது, உண்மையாக உழைப்பவர் விலையில் தோற்றுப்போகிறார்.

பிரான்ஸும் இத்தகைய கலப்படத்தால் அவதிப்பட்ட நாடுதான். ஓர் ஊரின் பெயரை அந்த ஊர் விளைச்சலுக்கு மட்டுமே உரியதாக்கும் சட்டத்தை அவர்கள் 1935-இல் இயற்றினார்கள். நம்மிடமும் 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாயும் கம்பம் பன்னீர் திராட்சையும் 2023-இல் அந்தக் குறியீட்டைப் பெற்றன. உடன்குடிக் கருப்பட்டியும் பெற்றிருக்கிறது. ஆனால், அங்கே சட்டத்துக்குப் பின்னால், வேறுபாட்டை உணர்ந்து விலை கொடுக்கும் நாக்குகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. இங்கே முத்திரை வந்துவிட்டது, நாக்குதான் மறந்துகொண்டிருக்கிறது.

இதற்கு வெளிநாட்டுப் புட்டி எதுவும் தேவையில்லை. ஒரு விடுமுறை நாளில் வீட்டில் நாலு பேர் கூடும்போது, இரண்டு இடங்களில் வாங்கிய கருப்பட்டியை, இரண்டு வயதுடைய புளியில் வைத்த ரசத்தை, முன்னும் பின்னுமாகச் சுவைத்துப் பார்க்கலாம். வேறுபாட்டைச் சொல்லால் கூறும்படி குழந்தைகளைக் கேட்கலாம். துவர்ப்பு, கரிப்பு, கார்ப்பு எனச் சொற்கள் நம்மிடம் குறைவின்றி இருக்கின்றன.

விடைபெறும்போது அந்தத் தாயார் பழைய கருப்பட்டியில் ஒரு வட்டைத் தாளில் பொதிந்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து என் மகளிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தவள், "இது ஏன் புகை வாசம் அடிக்குதுப்பா?" என்று கேட்டாள். கேள்வி பிறந்துவிட்டது, அதுவே போதும் என்று தோன்றியது.