இசைத்தட்டில் நின்ற குரல்

நுழையும்முன்

மேடையில் பாடப்படும் பாட்டு, பாடி முடித்த கணமே காற்றில் கரைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இசைத்தட்டு அந்நிலையை மாற்றியது. இளமையில் மறைந்த கலைஞரின் குரலை, அவரை ஒருமுறையேனும் கண்டிராதவர்களும் கேட்க முடிந்தது. நாடக மேடையின் ஒப்பற்ற பாடகராகத் திகழ்ந்து, இருபத்தேழு வயதில் மறைந்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் வாழ்வு அதற்குச் சான்றாகும்.

வானம் பார்த்த பூமியின் மேடை

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என விரியும் நிலப்பகுதி, கண்மாய் நீரையும் பருவமழையையும் நம்பி வாழும் வறண்ட பகுதியாகும். இத்தகைய தென்மாவட்டச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவையொட்டி விடிய விடிய நடைபெறும் 'வள்ளி திருமணம்' நாடகம் நெடுநாளைய மரபு. இதனை ஸ்பெஷல் நாடகம் என்பர். இதில் ஒரே குழுவினர் நடிப்பதில்லை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் என ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்படுவர், ஒத்திகையின்றியே மேடையேறுவர். அவர்களை ஒன்றிணைப்பவை சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்தளித்த நாடகங்களும் அவற்றின் பாடல்களுமே.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே நடிகர்கள் நான்கு கட்டை, ஐந்து கட்டை எனப்படும் உயர்ந்த சுருதியில் பாடினர். ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு சுருதியைக் குறிக்கும் வழக்கிலிருந்து இச்சொல் வந்தது. பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில், மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்த சிறுவன் பாடும் வாய்ப்பையே இழக்க நேர்ந்தது. குரலே அன்றைய கலைஞரின் முதலும் வாழ்வும் ஆகும்.

கிட்டப்பா என்னும் குரல்

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். வறுமையான குடும்பச் சூழலில் சிறுவயதிலேயே நாடக மேடை ஏறினார். உயர்ந்த சுருதியிலும் இனிமை குன்றாத குரலும், சொல்லைச் சிதைக்காத உச்சரிப்பும், மின்னலென விரையும் பிருகாக்களும் அவருக்குப் புகழ் சேர்த்தன. 1926இல் கொழும்பு நாடக மேடையில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுடன் இணைந்து நடிக்கலானார். இருவரும் ஒருவரை ஒருவர் விஞ்சப் பாடுவதைக் கேட்க மக்கள் திரண்டனர். மேடையில் இணைந்தவர்கள் மறு ஆண்டு வாழ்விலும் இணைந்தனர்.

அவ்வாழ்வு நீடிக்கவில்லை. உடல்நலம் குன்றிய கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் நாள் காலமானார். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்துவிட்டது. எனினும் கிட்டப்பா எத்திரைப்படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அவருடைய நடையையும் நடிப்பையும் இன்று எவரும் காண இயலாது. எஞ்சியிருப்பது குரல் மட்டுமே.

மூன்று நிமிடச் சிமிழ்

அக்குரலைக் காத்தது அரக்கினால் செய்யப்பட்ட இசைத்தட்டு. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடலே அடங்கும். தொடக்கத்தில் பாடகர் ஒரு பெரிய குழலின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாடினார். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து வரிப்பள்ளத்தைப் பதித்தது. 1925ஆம் ஆண்டு முதல் ஒலிவாங்கி வழியான மின்பதிவு முறை பரவியதால், மெல்லிய நுணுக்கங்களும் பதிவாயின.

ஆனால், இசைத்தட்டு காத்தது முழுமையன்று. மேடையில் அவையோரின் விருப்பத்திற்கேற்ப நெடுநேரம் விரித்துப் பாடப்பட்ட பாடல், தட்டில் மூன்று நிமிடமாகச் சுருங்கியது. எதிர்ப்பாட்டும், இடைப்பேச்சும், அவையின் ஆரவாரமும் விடுபட்டன. இன்று கேட்கப்படும் கிட்டப்பா, உண்மைக் கிட்டப்பாவின் ஒரு துளியே. அத்துளியும் வாய்க்காமல், பதிவு செய்யப்படும் முன்பே மறைந்த மேடைக் கலைஞர்கள் எத்தனையோ பேர்.

கடல் கடந்த ஒப்புமை

இந்நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1950களில் ராக் அண்ட் ரோல் என்னும் புதிய இசை எழுந்தது. 1959 பிப்ரவரி 3ஆம் நாள் அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்னுமிடத்தில் இசை நிகழ்ச்சியை முடித்துப் புறப்பட்ட சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. பட்டி ஹாலி (22), ரிச்சி வாலன்ஸ் (17), ஜே.பி. ரிச்சர்ட்சன் (28) ஆகிய மூன்று பாடகர்களும் விமானியும் உயிரிழந்தனர். ஹாலி புகழுடன் வாழ்ந்த காலம் இரண்டாண்டுகூட இல்லை. எனினும் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த இங்கிலாந்து இளைஞர்களே பின்னர்ப் பீட்டில்ஸ் குழுவாக உருவாயினர். பாடியவர் மறைந்த பின்னும், தட்டு ஆசிரியராக நின்று கற்பித்தது.

நினைவின் வழிகள்

கிட்டப்பாவின் நினைவு இசைத்தட்டில் மட்டும் தங்கவில்லை. அவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெண்ணிற ஆடையே உடுத்தினார். ஆண் நடிகருடன் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1935இல் 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1953இல் ஔவையாராகத் தோன்றித் தமிழகமெங்கும் போற்றப்பட்டார். 1980இல் மறையும்வரை அவ்வுறுதியைக் காத்தார்.

கிட்டப்பாவின் பாணியைப் பின்பற்றிப் பாடியவர் டி.ஆர். மகாலிங்கம். 1945இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி' திரைப்படத்தில் முருகனாக நடித்த அவருடைய உச்சக் குரலில், மறைந்த கலைஞரின் சாயலை இரசிகர்கள் கேட்டனர்.

திருவிழா இரவுகளில் இன்றும் ஆர்மோனியம் சுருதி கூட்ட, வேலனும் வள்ளியும் தினைப்புனத்தில் வாதிடுகின்றனர். பாடுபவரின் பெயர் இசைத்தட்டில் இடம்பெறாமல் போகலாம். ஆயினும் அவர் மேல்சுருதியை எட்டிப் பிடிக்கும்போது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அடங்கிய ஒரு குரலின் வழித்தடத்தில் நடக்கிறார். தட்டு ஒலியைக் காக்கும். பாடும் தொண்டையோ மரபைக் காக்கும். இளமையில் மறைந்த கலைஞருக்கு இவ்விரண்டும் வாய்ப்பது அரிது. கிட்டப்பாவுக்கு இரண்டும் வாய்த்தன.