முன் சக்கரத்தில் என்ன சத்தம்?

காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு புதுச் சத்தம். அப்பா வானொலியை அணைக்கிறார். அம்மா கண்ணாடியை இறக்குகிறார். ஒருவர் இடப்பக்கம் என்கிறார், இன்னொருவர் வலப்பக்கம் என்கிறார். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சத்தம் காணாமல் போய்விடுகிறது!

அனுபவமுள்ள மெக்கானிக் உடனே சக்கரத்தைக் கழற்ற மாட்டார். முதலில் கேள்விகள்தான் கேட்பார். எப்போது வருகிறது? வேகம் கூடினால் சத்தமும் மாறுகிறதா? எந்தப் பக்கம் திரும்பும்போது? பிரேக் மிதித்தால் என்ன ஆகிறது? அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருப்போம் அல்லவா? அவர் செய்வதும் அதுதான். இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் இல்லையென்றால், ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்ற வேண்டியிருக்கும். பணமும் வீண், பழுதும் அப்படியே இருக்கும்.

சக்கரம்தானா?

கார் நிற்கும்போது இயந்திரம் ஓடினாலே அந்தச் சத்தம் கேட்டால், அது சக்கரத்திலிருந்து வருவதல்ல. கார் நகர்ந்தால்தான் வருகிறது, வேகத்தோடு அதன் எண்ணிக்கையும் கூடுகிறது என்றால், சுழலும் பாகம் எதிலோ கோளாறு.

இங்கே கணக்கு கைகொடுக்கும். டயரின் பக்கவாட்டில் 195/65 ஆர் 15 என்பது போல் எழுதியிருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் உயரம் என்பது. 15 என்பது நடுவிலுள்ள உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 63 செ.மீ. வரும். சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர்.

கார் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால், அது நொடிக்கு 5 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு இரண்டரை முறை சுற்றும். பத்து நொடியில் 25 முறை 'டிக்' என்று கேட்டால், ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. டயரின் பள்ளத்தில் சிக்கிய கல்லோ, குத்தி நிற்கும் ஆணியோ காரணமாக இருக்கலாம்.

திருப்பினால் 'டக் டக்'

இன்றைய பல கார்களில் முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. அதே சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். வளைந்த நிலையிலும் சுழற்சியைச் சீராகக் கடத்த ஒரு சிறப்பு மூட்டு தேவை. ஆல்ஃப்ரெட் ரெஸெப்பா என்ற பொறியாளர் 1920களில் உருவாக்கிய மூட்டு இதற்கு வழி செய்தது. 1959ல் வந்த மினி கார் இவ்வகை மூட்டுடன்தான் ஓடியது.

அந்த மூட்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், பள்ளங்களுக்குள் உருளும். கிரீஸ் வெளியேறாமல் காக்க மேலே ரப்பர் உறை உண்டு. உறை கிழிந்தால் கிரீஸ் சிதறும், மணலும் மழைநீரும் நுழையும். குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்து குழி விழும். நேராகப் போகும்போது அமைதியாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல நகரும்போது, குண்டுகள் அந்தக் குழிகளில் இடறி 'டக் டக்' என்னும். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைத் திருப்பும்போது இதை எளிதில் கேட்கலாம். சுவர்கள் ஒலியை எதிரொலிப்பதால், சாலையில் காதில் விழாததும் அங்கே தெளிவாக விழும்.

வேகத்தோடு வளரும் ரீங்காரம்

மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை, வேகம் கூடக் கூட 'ஊம்ம்' என்ற ஒலி. இங்கே சந்தேகம் சக்கரத்தின் பேரிங் மீது விழும்.

பேரிங்கின் ஒரு வரிசையில் 12 குண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள், குண்டுகளின் வரிசை ஏறத்தாழ 0.4 சுற்றுதான் நகரும். எனவே, அசையாத வெளி வளையத்தில் ஒரு குழி இருந்தால், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஐந்து குண்டுகள் அதில் இடறும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு சுமார் 8 முறை சுற்றுகிறது. 8 × 5 = 40. அதாவது 40 ஹெர்ட்ஸ். நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வுகளைத் தனித்தனித் தட்டுகளாகக் கேட்காமல் ஒரே சுரமாகக் கேட்கிறது. 'டக் டக்' என்று கேட்க வேண்டியது ரீங்காரமாவது இதனால்தான்.

எந்தப் பக்கம்? பேருந்து வலப்புறம் திரும்பும்போது நாம் இடப்புறம் சாய்கிறோம். காரும் அப்படியே. வலப்புறம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களில் அதிகம் இறங்கும். அப்போது ரீங்காரம் கூடினால், பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான். ஆனால் சாலையின் மேற்பரப்பு மாறியதும் ஒலி மாறினால், அது டயரின் சத்தமாக இருக்கலாம்.

பிரேக்கின் எச்சரிக்கை

பிரேக் மிதிக்கும்போது 'கிறீச்' என்ற கூர்மையான ஒலியா? பல கார்களின் பிரேக் பட்டையில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு வேண்டுமென்றே பொருத்தப்பட்டிருக்கும். பட்டை தேய்ந்து சில மில்லிமீட்டரே மிஞ்சும்போது தகடு வட்டில் உரசி ஒலி எழுப்பும். கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி சில சமயம் கிறீச்சிடுகிறதே, அதே உராய்வு விளையாட்டுதான்: ஒட்டும், வழுக்கும், மீண்டும் ஒட்டும். இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும்.

அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாவிட்டால் பட்டை முழுவதும் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசும் 'கரகர' சத்தம் வரும். அப்போது வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடக்கூடும். அந்த நிலையில் மேலும் ஓட்டக்கூடாது.

பயப்பட வேண்டாதவை

எல்லாச் சத்தமும் பழுதல்ல. நம் ஊரில் இரவு மழை பெய்தால் வார்ப்பிரும்பு பிரேக் வட்டில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் சில முறை பிரேக் மிதிக்கும்போது உரசல் கேட்டு, பிறகு மறைந்துவிடும். கார் நிறுத்துமிடத்தின் வழவழப்பான தரையில் டயர் கிறீச்சிடுவதும் வெறும் உராய்வுதான்.

சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து ஆண்டு வயதுள்ள கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஆனால் பேரிங் தேயப் பரிசோதனை நாள் பார்ப்பதில்லை. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் காரைக் கவனிப்பது அதில் பயணம் செய்வோரின் காதுகள்தான். மின்சாரக் கார்களிலும் சக்கரமும் பேரிங்கும் உண்டு. இயந்திர இரைச்சல் இல்லாததால் அங்கே இத்தகைய ஒலிகள் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்த முறை காரில் புதுச் சத்தம் கேட்டால், ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்காமல், பயணியான நீங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வேகம், திரும்பிய திசை, பிரேக் மிதித்தாரா என்பவற்றைக் குறித்துவையுங்கள். சக்கரத்தையும் சூடான பிரேக்கையும் நீங்கள் தொட வேண்டாம், அது மெக்கானிக்கின் வேலை. பட்டறையில் சத்தம் நின்றுவிட்டாலும் உங்கள் குறிப்பு அவருக்கு உதவும்.

ஒரு கணக்கு: அதே டயரில் ஓர் ஆணி. கார் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. நொடிக்கு எத்தனை 'டிக்' கேட்கும்?