வீதியோரச் சின்னமும் வீட்டு வரைபடமும்

கண்டி வீதியால் வடக்கே செல்லும் பிரயாணிகள் கிளிநொச்சியில் இரு காட்சிகளை நெடுங்காலம் கண்டு வந்தனர். ஒன்று, போரின் இறுதிக் கட்டத்திலே தகர்க்கப்பட்டுத் தரையிற் சாய்ந்து கிடந்த பெருந் தண்ணீர்த் தாங்கி. மற்றையது, 2009 ஜனவரி 2ஆந் திகதி நகரைக் கைப்பற்றிய இராணுவம் பின்னர் எழுப்பிய நினைவுச் சின்னம்: பருத்ததொரு கொங்கிறீற்றுக் கட்டி, அதனைத் துளைத்து வெடிக்கச் செய்த குண்டு, உச்சியில் ஒரு தாமரை.

ஓரிடத்தின் மண்ணையும் கதையையும் தழுவி, அவ்விடத்திற்கென்றே ஆக்கப்படும் கலையை இந்நாளில் ஓவியர் பெரிதும் போற்றுகின்றனர். ஜெர்மனியில் குந்தர் டெம்னிக் என்பார், நாஜிகளாற் கொல்லப்பட்டோர் வாழ்ந்த வீடுகளின் முன்னே நடைபாதையில் அவர்தம் பெயர் பொறித்த சிறு பித்தளைத் தகடுகளைப் பதித்து வருகிறார். குனிந்தே படித்தல் வேண்டும். வேறு தெருவிற்குப் பெயர்த்தால் தகட்டிற்குப் பொருளில்லை.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், எச்சிற்பியும் செதுக்காத அத்தாங்கியே சிறந்த சிற்பம் என்போம். கொங்கிறீற்றுத் தாமரையை எவ்வூரிலும் நாட்டலாமே! எனினும் தாங்கியினருகே பலகை நட்டு, தெற்கிலிருந்து பஸ்களில் வந்தோர் படம்பிடிக்கும் காட்சிப் பொருளாக அதனையும் ஆக்கிவிட்டனர். அதன் நீரைக் குடித்த குடும்பங்களின் கதை அப்பலகையில் இல்லை.

அத்தகைய கதைகளை வேறொரு வழியில் தேடினார் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். இடம்பெயர்ந்த வடபகுதி மக்களிடம், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு வேண்டினார். அவ்வாறு கிடைத்த 80 படங்களோடு 2011இல் நூலொன்று வெளிவந்தது. 'முற்றுப்பெறாத தோம்பு' என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பதை வாசகர் அறிவர். ஒவ்வொருவரும் வரைந்த படத்தை அடுத்து, கட்டடக்கலை முறைப்படி அளவாகத் தீட்டிய வரைபடம். அதனை அடுத்து ஓவியரின் சித்திரம். வீடென்பது நமக்குச் சுவரும் கூரையும் மட்டுமா? கிணற்றடியும் வேலியும் முற்றத்து மரமும் சேர்ந்ததன்றோ! பெயர்த்து வைக்க இயலாத இடத்தை மனிதர் மனத்திற் சுமந்து திரிந்தமைக்கு அந்நூல் சாட்சி.

வன்னியிலோ இது கலைக்கூடத்து விவகாரமன்று. முல்லைத்தீவு மாவட்டம் பிலக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு 2017 ஜனவரி இறுதியில் வீதியோரத்தில் அமர்ந்தனர். பெண்களும் குழந்தைகளும் இரவு பகலாய் அங்கேயே தங்கினர். தத்தம் வளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென அவர்களுக்கு எவரும் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் சென்றபின், மார்ச் 1ஆந் திகதி காணி விடப்பட்டது.