பழைய காகிதங்களை அழிக்கும் முறை

அங்கத்தினர் பலர் பழைய பாங்குக் கணக்குத் தாள்களையும் ஆதார் நகல்களையும் இரண்டாகக் கிழித்துக் குப்பையில் இடுகின்றனர். அவற்றிலுள்ள எண்ணையும் கையொப்பத்தையும் கொண்டு அயலார் நம் பெயரில் கடன் கோரக்கூடும் ஆதலின், இது போதாது என்கிறோம்.

1979 நவம்பரில் டெஹரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கிருந்தோர் இரகசியத் தாள்கள் பலவற்றை இயந்திரத்திலிட்டு நீண்ட கீற்றுகளாக வெட்டியிருந்தனர். ஈரானியர் அக்கீற்றுகளைப் பொறுமையுடன் பொருத்திப் படித்ததுடன் நூல்களாகவும் வெளியிட்டனர். கம்பளம் நெய்வோர் இவ்வேலையில் உதவினர் என்பர். இழை சேர்க்கத் தெரிந்த கைக்கு இது அரிதன்று என்பதை நம் நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. வரியின் போக்கிலேயே வெட்டிய கீற்றில் எழுத்து முழுமையாக நின்றுவிடுகிறது. ஆகவே பாவுவாக்கில் மட்டுமன்றி ஊடைவாக்கிலும் வெட்டுதல் வேண்டும். இதற்குக் கத்தரிக்கோலே போதும். எண்ணும் கையொப்பமும் உள்ள பகுதியைப் பொடியாக நறுக்கி, நீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடலாம்.

நகல் கொடுக்க நேரின், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி 4 மட்டும் தெரியும் ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேட்க வேண்டுகிறோம். நகலெடுக்கும் கடையில் கோணலாக விழுந்த தாளையும் விடாது கேட்டு வாங்குக. பட்டா, கிரயப் பத்திரம், கடன் தீர்ந்த ரசீது ஆகியவற்றின்மேல் மட்டும் கத்தரி படலாகாது.