தேயும் தசையும் தணியாத அழற்சியும்

முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது அதன் கைகளை ஊன்றுகிறார். பேருந்தின் படியில் ஏறத் தயங்குகிறார். இறுக மூடிய டப்பாவைத் திறக்கப் பேரனை அழைக்கிறார். வயதாகிவிட்டது, வேறென்ன என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். இவ்வடையாளங்களை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடலாகாது என்பதே ஆராய்ச்சியாளரின் முடிபு.

மூப்பில் தசை குறைவதற்கு நெடுங்காலம் தனிப்பெயரே இருந்ததில்லை. 1989ஆம் ஆண்டில் அமெரிக்க உணவியல் அறிஞர் இர்வின் ரோசன்பர்க், சதை, குறைவு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'சார்க்கோபீனியா' என்று பெயரிட்டார்.

தசை உடலை அசைப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. புரதத்தின் சேமிப்பறையும் அதுவே. கடுங்காய்ச்சலோ எலும்பு முறிவோ நேருங்கால், நோயெதிர்ப்புக்கும் புண் ஆறுவதற்கும் வேண்டிய அமினோ அமிலங்களை உடல் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. இளைஞர் பின்னர் அச்செலவை ஈடுசெய்துவிடுகிறார். முதியவருக்கு அது அரிதாகிறது. நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து, 2007இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், கால்களில் மட்டும் கொழுப்பு நீங்கிய எடை ஏறக்குறைய 1 கிலோகிராம் குறைந்திருந்தது. நோயின்றியே இவ்வளவு இழப்பாயின், நிமோனியாவுடன் இரு வாரம் படுத்தவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அழற்சி உடலின் காவல் ஏற்பாடாகும். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது அதன் வேலையே. பணி முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். முதுமையிலோ அது முற்றும் தணியாமல், நீறு பூத்த நெருப்பென உடலெங்கும் கனன்றுகொண்டிருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு, ஈறு நோய், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை இதனை வளர்ப்பன. இரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்னும் பொருள் மிகுகிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. 1930இல் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் முதன்முதல் அறியப்பட்ட இப்புரதத்தை இன்று சாதாரண ஆய்வகங்களிலும் அளக்கலாம். அழற்சிப் பொருள்கள் தசையில் புரதம் உருவாவதைத் தடுத்து அதன் சிதைவை விரைவுபடுத்துகின்றன. தசை குறைந்தவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார். நடமாட்டம் குறையவே அழற்சி மேலும் வளர்கிறது. சேமிப்பு கரைந்து, செலவும் ஏறி நிற்கும் உடலில் சிறு நோயும் உயிருக்கு ஊறு செய்ய வல்லதாகிறது.

இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கைப்பிடியின் வலிமை 5 கிலோகிராம் குறையுந்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் மிகுந்திருந்தது. மரணத்தை முன்னுணர்த்துவதில் இரத்த அழுத்த அளவையும் அது விஞ்சியது. வலிமைக் குறைவே மரணத்தை விளைவித்தது என்பது இதனால் நிறுவப்படவில்லை. அது ஓர் அறிகுறியே. ஆசிய வல்லுநர் குழு 2019இல் ஆடவர்க்கு 28, மகளிர்க்கு 18 கிலோகிராம் என எல்லை வகுத்தது. மருத்துவரின் மேசையில் இரத்த அழுத்தமானிக்கருகே கைப்பிடி அளக்கும் கருவிக்கும் ஓரிடம் அளிப்பது தகும்.

இழந்த வலிமை மீளுமா? பாஸ்டன் நகரில் சராசரி 90 வயதான முதியோர் சிலர் எட்டு வாரம் கால்களால் பளு உயர்த்திப் பயின்றனர். அவர்தம் வலிமை சராசரி 174 சதவீதம் உயர்ந்ததென 1990இல் அறிவிக்கப்பட்டது. பயிற்சியுடன் உணவும் வேண்டும். நம் நாட்டில் முதியோர் பலர் கஞ்சியும் ரொட்டியுமே போதுமென்றிருந்துவிடுகின்றனர். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் முதியோர்க்குத் தேவை என்பது வல்லுநர் பலரின் கருத்து. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் ஆகும். பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றைப் பகிர்ந்து வேளைதோறும் உண்பது நலம். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே புரதத்தை மிகுவித்தல் வேண்டும்.