பிட்காயினும் பாமர ஜனங்களும்

மத்திய அமெரிக்காவில், பசிபிக் சமுத்திரத்தை ஒட்டியுள்ள எல் சால்வடார் என்னும் சிறிய தேசம், 2021-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ஆம் தேதி, வேறெந்த ராஜ்யமும் அதுவரை துணியாத ஒரு காரியத்தைச் செய்தது. எந்தச் சர்க்காரும் அச்சிடாத, எந்த வங்கியும் காவல் காக்காத, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கணினிகள் ஒன்றையொன்று சரிபார்த்து எழுதிவரும் பொதுக் கணக்கிலே மாத்திரம் வாழ்கின்ற பிட்காயினை, அது சட்டபூர்வமான செலாவணியாக்கியது.

அதற்கு உருப்படியான நியாயமும் இருந்தது. பிழைப்புக்காக அமெரிக்கா சென்றுள்ள அந்நாட்டு மக்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், தேசத்தின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வியர்வை சிந்திச் சேர்த்த அந்தப் பணத்தில் இடைத்தரகர் பிடித்துக்கொள்ளும் கமிஷன் இனி மிச்சப்படும் என்றார் ஜனாதிபதி நயிப் புக்கேலே. 'சீவோ' என்ற பிட்காயின் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டோருக்குச் சர்க்காரே 30 டாலர் இனாமாக அளித்தது. ஜனங்கள் இனாமை வாங்கினார்கள், செலவழித்தார்கள். அதன்பின் அநேகர் அந்தச் செயலியைத் திறக்கவேயில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் இவ்வழியாக வந்தது நூற்றுக்கு ஓரிரண்டு பங்குதான்.

இதை ஜனங்களின் அறியாமை என்று சொல்லுகிறவர்களோடு நான் சிறிதும் உடன்படவில்லை. 2021 நவம்பரில் 68,000 டாலருக்கு மேல் விலைபோன ஒரு பிட்காயின், அடுத்த வருஷம் அதே மாதத்தில் 17,000 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. மகன் அனுப்பிய பணத்தைக்கொண்டு மாதம் முழுவதும் சோளமாவும் மருந்தும் வாங்கவேண்டிய ஒரு தாய்க்கு, நாளைக்கு அதன் மதிப்பு என்னவாகும் என்று தெரியாத பணத்தால் என்ன பிரயோஜனம்? அவள் கையிலோ 2001 முதலே அமெரிக்க டாலர் புழங்கி வருகிறது. சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெறும் பொருட்டு, பிட்காயினை ஏற்றே தீரவேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியில் அந்நாட்டுச் சட்டசபை நீக்கியபோது, ஜனங்கள் ஏற்கெனவே தீர்த்துவிட்ட விஷயத்துக்குச் சட்டம் கையெழுத்திட்டது, அவ்வளவுதான்.

ஆயினும் பிட்காயின் இனத்தைச் சேர்ந்த கிரிப்டோ நாணயம் முழுவதையும் வீண் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 2023-இல் ஒரே வருஷத்துக்குள் விலைவாசி மும்மடங்குக்கு மேல் உயர்ந்த அர்ஜென்டீனாவில், வங்கியில் மாதத்துக்கு 200 டாலருக்கு மேல் வாங்க முடியாதபடி சர்க்கார் கட்டுப்பாடு விதித்திருந்த நிலையில், சம்பளப் பணம் கண்ணெதிரே கரைவதைப் பொறுக்கமாட்டாத பலர், ஒரு டாலருக்கு ஒன்று என்று மதிப்பு கட்டப்பட்ட டெதர் போன்ற நாணயங்களை நாடினார்கள். அவர்கள் வேண்டியது டாலர். அதை எட்டுவதற்குக் கிடைத்த ஏணி இது. சாமானியனுக்கு இந்தப் புதுமையால் விளைந்த மெய்யான உபகாரம் இதுவே என்பது என் துணிபு.

அந்த ஏணியின் உறுதியோ, அந்நாணயத்தை வெளியிடும் கம்பெனியின் கையிருப்பைப் பொறுத்தது. போதிய கையிருப்பின்றிக் கணினிச் சூத்திரத்தையே பெரிதும் நம்பியிருந்த டெர்ரா டாலர் என்னும் இத்தகைய மற்றொரு நாணயம், 2022 மே மாதத்தில் சில தினங்களுக்குள் சரிந்து, சேமித்தவர்களின் பணத்தைத் தன்னோடு கொண்டுபோயிற்று. இத்தகைய நாணயத்தை வெளியிடுவோர் தக்க கையிருப்பு வைத்தாகவேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2024 ஜூனில் சட்டத்தை அமலாக்கியது. அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே, பணவீக்கத்தில் உழலும் ஏழை நாடுகளில்தான் இந்நாணயத்தின் தேவை அதிகம் என்பதே என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.