நிலா வைத்த கெடு

1967 மார்ச் மாதம் குவைத்திலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த டோரி கேன்யன் என்ற டேங்கருக்குக் கெடு வைத்தது நிலா. 18ஆம் தேதி இரவு 11 மணி வாக்கில் வரும் கடலேற்றத்தைப் பிடித்தால் உள்ளே நுழையலாம். விட்டால், பல நாள் வெளியே காத்துக் கிடக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறதே, அடுத்த ஏற்றத்தில் போனால் என்ன என்று தோன்றும். எல்லா ஏற்றமும் ஒரே உயரம் இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதால் இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களை ஒட்டி மில்ஃபோர்டு ஹேவனில் தண்ணீர் ஆறேழு மீட்டர் ஏறி இறங்கும். அட்டமி வாக்கில் சூரியன் ஒரு பக்கமும் நிலா குறுக்கிலும் இழுப்பதால், ஏற்றம் பாதியளவுக்குக் குறைந்துபோகும். அந்த மார்ச் 11இல் அமாவாசை. 18ஆம் தேதி, வளர்பிறை அட்டமியை நெருங்கிய நாள். ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடத் தாழ்ந்துகொண்டே வந்தது. பௌர்ணமி நெருங்கும்வரை அந்தக் கப்பலுக்குப் போதுமான தண்ணீர் வராது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள இரும்பு உடல், முழுப் பாரத்தில் நடுவில் சற்றுத் தொய்ந்துவிடும், இரு முனையிலும் தாங்கிய மூங்கில் கழி போல. தொய்வு சில அங்குலம்தான். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும் வாய்க்காலில் கப்பலுக்கு அடியில் இருக்கப்போகும் தண்ணீரும் அங்குலக் கணக்குதான். எனவே நடுத் தொட்டிகளின் எண்ணெயை முன்னும் பின்னும் இறைத்து வயிற்றை நிமிர்த்த வேண்டும். அதற்கு அலையடங்கிய இடமும் சில மணி நேரமும் தேவை. இரவு 11 மணிக் கெடு, உண்மையில் மாலைக் கெடுவாக மாறியது.

பெரிய கப்பல் ஒரு நாள் சும்மா நின்றாலும் சம்பளம், எரிபொருள், கடன் வட்டி எதுவும் நிற்காது. கேப்டன் பாஸ்ட்ரெங்கோ ருஜியாட்டிக்கு இது தெரியாதா? இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் சில்லித் தீவுகளுக்கு மேற்கே, ஆழமான திறந்த கடல் வழியாகப் போவதுதான் அவருடைய திட்டம். இரவில் நீரோட்டமும் காற்றும் கப்பலைக் கிழக்கே தள்ளிவிட்டன. 18ஆம் தேதி விடியலில் பார்த்தால், தீவுகள் இடப்பக்கம் தெரிகின்றன. முதன்மை அதிகாரி பழைய வழிக்குத் திரும்பக் கப்பலைத் திருப்பினார். தூக்கத்திலிருந்து எழுந்த கேப்டன் அதை மறுத்து, தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடையே புகுந்து போகச் சொன்னார். மிச்சமானது அரை மணி நேரம் அளவுக்குத்தான்.

அந்த இடைவெளியில் இருந்தது செவன் ஸ்டோன்ஸ் பாறைத்திட்டு. மீன்பிடிப் படகுகள் குறுக்கே இருந்ததால் திருப்பம் தள்ளிப்போனது. கடைசியில் மாலுமி சுக்கானைச் சுழற்றியபோது கப்பல் திரும்பவே இல்லை. கையால் ஓட்டும் நிலைக்கு மாற்றும் நெம்புகோல் வேறு நிலையில் கிடந்தது. அதைச் சரிசெய்வதற்குள் நேரம் போய்விட்டது. காலை 8.50 மணிக்கு, முழு வேகத்தில், பாறை. ஏறக்குறைய 1,20,000 டன் எண்ணெய் இங்கிலாந்தின் கார்ன்வால், பிரான்சின் பிரிட்டனி கடற்கரைகளை நோக்கிப் பரவத் தொடங்கியது. பிரிட்டன் விமானங்களை அனுப்பிக் குண்டு போட்டு எரிக்கப் பார்த்தது. கரையில் கொட்டிய சலவை வேதிப்பொருட்கள் எண்ணெயைவிட அதிகமாகக் கடலுயிர்களைக் கொன்றன.

கப்பல் யாருடையது? அமெரிக்காவில் கட்டி, ஜப்பானில் நீட்டி, லைபீரியக் கொடி ஏற்றி, இத்தாலிய மாலுமிகளை வைத்து, ஒரு அமெரிக்க எண்ணெய் நிறுவனத்துக்கு வாடகைக்குப் போய், அங்கிருந்து ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு ஒரு பயணத்துக்கு மட்டும் உள்வாடகைக்கு விடப்பட்ட கப்பல் அது. அமெரிக்க நீதிமன்றத்தில் உரிமையாளரின் பொறுப்பு 50 டாலர் என்று கணக்கிடப்பட்டது. மிஞ்சிய ஒரே உயிர்காப்புப் படகின் மதிப்பு அது! பிரிட்டிஷ் தரப்பு சிங்கப்பூரில் அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலைக் கண்டுபிடித்து, அதன் கொடிமரத்தில் நீதிமன்ற ஆணையை ஒட்டியது. அதன் பிறகுதான் 30 லட்சம் பவுண்டு இழப்பீடு பிரிட்டனுக்கும் பிரான்சுக்குமாக வந்தது.

எண்ணெய் மாசு இழப்பீடு பற்றிய 1969 உடன்படிக்கை, கடல்மாசு பற்றிய 1973 மார்போல் உடன்படிக்கை, மாலுமிகளின் பயிற்சிக்கும் தகுதிச் சான்றுக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்த 1978 உடன்படிக்கை எல்லாம் இந்த விபத்துக்குப் பிறகு வந்தவை. இன்று 24 மணி நேரத்தில் மாலுமிக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவை உரிமையாளரோ வாடகைக்காரரோ தடுக்கக் கூடாது என்றும் சர்வதேசச் சட்டம் சொல்கிறது. ஆனால் தாமதமாக வந்து சேர்ந்த கேப்டனுக்கு அடுத்த ஒப்பந்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

லைபீரிய விசாரணைக் குழு பழி முழுவதையும் கேப்டன் மேலேயே போட்டது; அவருடைய உரிமமும் பறிபோனது. அவர் செய்த தவறுகள் மெய்தான். ஆனாலும் கெடு வைத்தவர்களை விசாரிக்காத விசாரணையை நான் பாதி விசாரணை என்றே சொல்வேன்.